கொத்து வேலை கற்கும் இடத்தில் ஏன் தண்ணீர்த் தொட்டி இல்லை?

கென்யாவில் தச்சர், கொத்தனார், தையல்காரர், மெக்கானிக் என்று கைத்தொழில் தெரிந்த எவரையும் 'ஃபுண்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். சாலையோரத்தில் தகரம் தட்டியும் கட்டில் அறுத்தும் பிழைக்கும் அந்தச் சிறுதொழில் உலகத்துக்கு 'ஜுவா காலி' என்று பெயர். சுவாஹிலியில் அதற்குச் சுட்டெரிக்கும் வெயில் என்று பொருள். சிறு விவசாயிகளை விட்டுப் பார்த்தால், நாட்டில் உழைப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த வெயிலில்தான் நிற்கிறார்கள். அங்கே போய் நிற்கும் முன் கையைப் பழக்கிக்கொள்ளக் கிராமத்துப் பிள்ளைகள் சேரும் இடம் தொழிற்பயிற்சி மையம். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர்கள், தேர்வு எழுதியும் மேலே போக வழியில்லாதவர்கள், குழந்தை பெற்றதால் பள்ளியை விட்ட பெண்கள் என்று 15 வயதிலிருந்து இருபதுகளின் நடுப்பகுதி வரை உள்ளவர்கள் அங்கே வருகிறார்கள். கொத்து வேலை, தச்சு, வெல்டிங், தையல், குழாய் வேலை, சமையல், வேளாண்மை என்று ஒன்றிரண்டு ஆண்டு கற்கிறார்கள்.

இப்படிப்பட்ட மையங்கள் பலவற்றில் பயிற்சிக் கொட்டகை இருக்கும், கொத்துக் கரண்டி இருக்கும், ஆனால் குடிக்க நல்ல தண்ணீர் இருக்காது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது. கொத்து வகுப்பில் பயிற்சிக்காகச் சுவர் எழுப்புவார்கள். ஆசிரியர் மட்டக்கோல் வைத்துப் பார்த்து மதிப்பெண் போட்டதும் அதை இடித்து, செங்கல்லைச் சுரண்டி அடுத்த அணிக்குக் கொடுப்பார்கள். இடிப்பதற்கென்றே கட்டுகிற அந்தச் சுவருக்குச் சில அடி தள்ளித் தொட்டியில்லாத தகரக் கூரையிலிருந்து மழைநீர் வீணாக ஓடிக்கொண்டிருக்கும். என் மனதை விட்டு அகலாத காட்சி இது. இல்லாமை மட்டும் இதற்குக் காரணமல்ல. இந்தப் பிள்ளைகள் யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

அது எப்படி என்று பார்க்கக் கொஞ்சம் பின்னே போக வேண்டும். 1963-ல் விடுதலை பெற்ற கென்யாவில் தொடக்கப்பள்ளி முடித்த பிள்ளைகள் பெருகினார்கள். உயர்நிலைப் பள்ளி இடங்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. 1966-ல் கென்யாவின் தேசியக் கிறித்தவ மன்றம் ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தப் பிள்ளைகளுக்கு ஊரிலேயே, ஊர்ப் பொருட்களைக் கொண்டே, குறைந்த செலவில் தொழில் சொல்லித்தர வேண்டும் என்றது. அதிலிருந்து பிறந்தவைதான் கிராமப் பாலிடெக்னிக்குகள். 'ஹராம்பே' என்று ஊர் கூடிக் காசு போட்டுக் கொட்டகை எழுப்பினார்கள். மலிவாக இருக்க வேண்டும் என்பதே அந்தத் திட்டத்தின் உயிர். நல்ல நோக்கம்தான். ஆனால் மலிவாகத் தொடங்கிய இடத்தில் முதலில் விடுபட்டுப் போவது கிணறும் கழிப்பறையும் சமையலறையும்தான். பிறகு அவை தாமாக வந்து சேர்வதில்லை. பெயர் மட்டும் இளைஞர் பாலிடெக்னிக் என்று மாறி, அப்புறம் தொழிற்பயிற்சி மையம் என்று மாறியது.

இப்போது கணக்குக்கு வருவோம். பள்ளிகளில் தண்ணீர், கழிப்பறை, கைகழுவும் வசதி எந்த அளவுக்கு இருக்கின்றன என்று உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் சேர்ந்து கணக்கெடுக்கின்றன. அதில் மழலையர் பள்ளி, தொடக்கப்பள்ளி, இடைநிலைப் பள்ளி என்று மூன்று வரிசை உண்டு. தொழிற்பயிற்சிக்குத் தனி வரிசை கிடையாது. ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 4-வது இலக்கு தொழிற்கல்வியைப் பேசுகிறது, பள்ளிக்கூடக் குழாயையும் பேசுகிறது. ஆனால் குழாயை அளக்கும் அளவுகோல் பள்ளி வகுப்புகளோடு நின்றுவிடுகிறது. எண்ணப்படாத இடத்துக்கு நிதி கேட்டுப் போகிறவர் கையில் காட்டுவதற்கு எண் இல்லை.

சட்டத்திலும் இதே கதைதான். 2017-ல் கென்யா அடிப்படைக் கல்விச் சட்டத்தைத் திருத்தி, அரசுப் பள்ளியில் படிக்கும் வயதுக்கு வந்த ஒவ்வொரு மாணவிக்கும் நாப்கின் இலவசமாகத் தர வேண்டும் என்று எழுதியது. உலகமே பாராட்டிய சட்டம். அதற்கு முன்பே 2004-ல் நாப்கினுக்கான விற்பனை வரியை நீக்கிய நாடு அது. ஆனால் சட்டம் சொல்வது 'அடிப்படைக் கல்வி நிறுவனம்'. தொழிற்பயிற்சி மையங்கள் 2013-ன் வேறொரு சட்டத்தின் கீழ் வருகின்றன. ஒரே வீட்டில் 16 வயதுத் தங்கை பள்ளியில் படித்தால் நாப்கினுக்கு உரிமை உண்டு; 17 வயது அக்கா தையல் கற்றால் இல்லை. பள்ளி உணவுத் திட்டமும் அப்படியே: 1980-ல் உலக உணவுத் திட்டம் தொடங்கி வைத்து, 2018-ல் முழுவதுமாக அரசின் கைக்கு வந்த அந்த மதிய உணவு, வறண்ட மாவட்டங்களின் தொடக்கப்பள்ளிகளுக்கு என்று வடிவமைக்கப்பட்டது.

இவற்றில் என்னை அதிகம் பாதிப்பது குடற்புழு மாத்திரை. 2012 முதல் கென்யா பெரிய அளவில் நடத்திவரும் பள்ளிக் குடற்புழு நீக்கத் திட்டம் 2 முதல் 14 வயது வரை என்று வகுக்கப்பட்டது. உருண்டைப் புழுவுக்கு இது சரி, ஏனென்றால் அது சிறுவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். கொக்கிப்புழு அப்படியல்ல. அதன் தாக்கம் வயதோடு கூடிக்கொண்டே போய்ப் பெரியவர்களிடம்தான் உச்சத்தைத் தொடும். கழிப்பறை இல்லாமல் புதருக்குள் ஒதுங்கும் இடத்தின் ஈர மண்ணில் அதன் குஞ்சு வளரும். வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். சிறுகுடலில் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். செங்கல் களிமண்ணை மிதிக்கும் கால்களும் பாத்தியில் இறங்கும் கால்களும் யாருடையவை? மாத்திரை நின்றுபோன 15 வயதுக்கு மேற்பட்டவர்களுடையவை. அதிலும் மாதவிடாயில் இரத்தம் இழக்கும் பெண்களுக்கு இது இரட்டை இழப்பு. இரத்தசோகை பிடித்த உடம்பு சிமென்ட் மூட்டையைத் தூக்கும்போது மூச்சு வாங்கும். பார்க்கிறவர்கள் சோம்பேறி என்பார்கள். ஓர் அல்பெண்டசோல் மாத்திரை விலையில் தீரக்கூடிய பழி அது.

ஆக, இந்தப் பிள்ளைகளைக் குழந்தை என்று எண்ணி எந்தத் திட்டமும் அணைக்கவில்லை. சம்பாதிக்கிறவர்களாகவும் அவர்கள் இன்னும் ஆகவில்லை. பல மையங்களில் மதிய உணவுக்கான காசு பயிற்சிக் கட்டணத்தோடுதான் கேட்கப்படுகிறது. கட்ட முடியாதவர் மதியம் வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வருவார். சில மாதம் கழித்து வராமலே போய்விடுவார்.

கூரையில் விழும் கணக்கு

நைரோபிக்குத் தென்கிழக்கே மச்சாகோஸ், மகுவேனி, கிடுயி மாவட்டங்கள் இருக்கின்றன. கம்பா மக்களின் நாடு. வறண்ட பூமி, ஆனால் மழையே இல்லாத பூமியல்ல. மார்ச்சிலிருந்து மே வரை ஒரு மழை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இன்னொரு மழை. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். பயிற்சிக் கொட்டகையின் கூரை 200 சதுர மீட்டர் என்றால், சிந்தியது, ஆவியானது போக ஐந்தில் நான்கு பங்கு பிடித்தாலும் ஆண்டுக்கு 96,000 லிட்டர். தங்கிப் படிக்காதவர்களுக்குத் தலைக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பள்ளி அளவுகோல். 100 பேருக்கு 500 லிட்டர். 190 நாளுக்குக் குறையாமல் வரும். ஒரு பயிற்சி ஆண்டில் மையம் திறந்திருக்கும் நாட்களுக்கு ஏறக்குறைய ஈடு.

காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் மழை இரண்டு தவணையாகக் கொட்டிவிட்டு, ஜூனிலிருந்து அக்டோபர் மழை தொடங்கும் வரை வானம் வறண்டு கிடக்கும். அதுவரை தாங்கச் சேமித்து வைக்க வேண்டும். கூரை ஏற்கெனவே இருக்கிறது. விலை பிடிப்பது தொட்டிதான். விடுதி இருந்தால் தலைக்கு 20 லிட்டர் என்று தேவை நாலு மடங்காகும். அப்போது ஒரு கூரை போதாது, வகுப்பறைக் கூரையும் சேர வேண்டும். இன்னொரு செலவை வெளியார் எவரும் கணக்கில் எடுப்பதில்லை: கொத்துப் பயிற்சியே தண்ணீர் குடிக்கும் பயிற்சி. சாந்து குழைக்க வேண்டும், போட்ட கான்கிரீட் இறுகும்வரை ஈரம் காயாமல் பார்க்கும் கியூரிங் செய்ய வேண்டும். தொலைவிலிருந்து ஜெர்ரிகேனில் கொண்டுவந்த தண்ணீர் என்றால், அது சாந்துக்கா வாய்க்கா என்ற போட்டி தினமும் நடக்கும்.

இங்கேதான் அந்த இடிக்கப்படும் சுவர் என் நினைவுக்கு வருகிறது. கென்யாவில் பல ஆண்டுகளாகக் கட்டப்பட்டு வரும் ஃபெரோசிமென்ட் தொட்டி, கம்பி வலை மீது சிமென்ட் சாந்தை மெல்லிய படலங்களாகப் பூசி எழுப்புவது. பெண்கள் குழுக்களே கற்றுக்கொண்டு ஊர் ஊராகக் கட்டியிருக்கிறார்கள். கொத்து வகுப்பு தொட்டியை எழுப்பலாம். தகர வேலை வகுப்பு கூரையோர வாய்க்காலை வளைத்துத் தரலாம். குழாய் வகுப்பு, முதல் மழையின் தூசித் தண்ணீரை வெளியே தள்ளும் திருப்புக் குழாயையும் அடியில் குழாய்த் திறப்பையும் பொருத்தலாம். மூடியும் கொசுவலையும் இல்லாவிட்டால் தொட்டி கொசுப் பண்ணையாகும். குடிக்கும் தண்ணீரில் குளோரின் சொட்டு விட வேண்டும். கென்யாவின் கடைகளில் அது சின்னப் புட்டியில் கிடைக்கிறது.

கூரை நீர் போதாத இடத்தில் ஆழ்துளைக் கிணறும் கைப்பம்பும்தான் துணை. அந்தப் பம்பின் கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1970களில் யூனிசெஃப் துணையோடு உருவாகி, கோயம்புத்தூர் வட்டாரக் கிணறுகளில் சோதிக்கப்பட்டு, சென்னையின் ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் ஆலையில் தயாரான 'இந்தியா மார்க் 2' பம்பு ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியது. உகாண்டாவில் 'யு 2' என்ற பெயரில் அது அந்நாட்டின் தர நிர்ணயப் பம்பாக ஆனது. உறுதியான பம்பு, ஆனால் உள்ளே வாஷர் தேய்ந்தால் கனமான இரும்புக் குழாய் முழுவதையும் மேலே இழுக்க வேண்டும், அதற்குக் கருவியும் ஆளும் ஊருக்கு வெளியிலிருந்து வர வேண்டும். 1980களில் கென்யாவிலும் மலாவியிலும் உருவான 'அஃப்ரிடெவ்' பம்பு இதற்கு விடை தேடியது: பிளாஸ்டிக் குழாய், ஒரே ஸ்பானர், குழாயைக் கழற்றாமலே உள்பாகத்தை மட்டும் மேலே எடுக்கும் வசதி. கென்யக் கடற்கரையின் குவாலேயில் ஊர்ப் பெண்களே அதைப் பழுது பார்க்கப் பழகினார்கள்.

இருந்தும், 2019-ல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி சஹாராவுக்குத் தெற்கேயுள்ள கைப்பம்புகளில் நாலில் ஒன்று வேலை செய்யவில்லை. காரணம் பெரும்பாலும் பம்பு அல்ல, அதைச் சரிசெய்ய யாரும் பொறுப்பில் இல்லாததுதான். கிடுயியின் க்யூசோ பகுதியில் பம்பின் கைப்பிடிக்குள் ஒரு சிறு கருவியைப் பொருத்தி, பம்பு நின்றால் செல்பேசி வழியே செய்தி போகும்படி செய்து, சம்பளத்துக்கு ஃபுண்டிகளை அமர்த்திப் பார்த்தார்கள். முன்பு சராசரியாக 27 நாள் கிடந்த பழுது 3 நாளுக்குள் சரியானது. கருவி செய்தி சொல்லியது; ஆளுக்குச் சம்பளம் கிடைத்தது. இரண்டாவதுதான் பெரிய விஷயம் என்பது என் கருத்து. குழாய் வேலை கற்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வேலைவாய்ப்பு ஊருக்குள் வேறு எங்கே இருக்கிறது?

இருட்டாக இருக்க வேண்டிய அறை

கழிப்பறை விஷயத்தில் ஆப்பிரிக்கா யாரிடமும் கடன் வாங்கத் தேவையில்லை. 1970களில், இன்று ஜிம்பாப்வேயில் ஹராரே எனப்படும் நகரின் பிளேர் ஆய்வகத்தில் பீட்டர் மார்கன் என்பவர் ஒரு குழிக் கழிப்பறையை உருவாக்கினார். 2013-ல் ஸ்டாக்ஹோம் தண்ணீர் விருது பெற்றவர் அவர். குழியிலிருந்து கூரைக்கு மேலே அரை மீட்டர் உயரும் ஒரு காற்றுப் போக்கிக் குழாய், அதன் வாயில் ஈ புகாத வலை. காற்று குழாயின் தலையைத் தடவிப் போகும்போது குழியின் நாற்றத்தை மேலே இழுத்துக்கொள்ளும். குழிக்குள் பிறந்த ஈ வெளிச்சத்தை நோக்கிப் பறக்கும். அறை இருட்டாக இருப்பதால் குழாயின் மேல்வாய் மட்டுமே வெளிச்சமாகத் தெரியும். அங்கே போய் வலையில் மாட்டிச் சாகும். 1975-ல் 78 நாள் ஈக்களை எண்ணிப் பார்த்தார்கள். குழாய் இல்லாத கழிப்பறையில் 13,953 ஈக்கள், குழாய் உள்ளதில் 146.

இந்தத் தந்திரம் முழுக்க அந்த இருட்டில்தான் இருக்கிறது. அது தெரியாமல் கட்டுகிறவர் வெளிச்சம் வரட்டும் என்று நல்ல மனதோடு ஒரு ஜன்னல் வைப்பார். ஈ எல்லாம் ஜன்னல் வழியே சமையலறைக்குப் போகும். குழாயைக் குறுகலாகப் போடுவார், வலை கிழிந்தால் மாற்றமாட்டார். ஏன் இருட்டு என்பதைக் கற்றுக்கொண்ட கொத்தனார் ஒருவர் இருந்தால் அவர் ஊரில் கட்டப்படும் நூறு கழிப்பறையும் சரியாக இருக்கும். மொசாம்பிக்கில் 1970களின் கடைசியில் பரவிய, கம்பியே போடாத குவிந்த கான்கிரீட் குழிமூடியும் அப்படித்தான். குடை போல வளைந்திருப்பதால் பாரத்தை விளிம்புக்குத் தள்ளிவிடும். சிலர் ஒன்றாக ஏறி நின்று பார்த்துத் தரத்தைச் சோதிப்பார்கள். ஒரு பயிற்சி அணிக்கு இதைவிட நேர்மையான தேர்வு கிடையாது.

பெண்களுக்கு 25 பேருக்கு ஒன்று, ஆண்களுக்கு 50 பேருக்கு ஒன்றும் சிறுநீர் கழிக்கத் தனி இடமும் என்பது பள்ளிகளுக்கான உலக அளவுகோல். எண்ணிக்கையைவிடத் தாழ்ப்பாள் முக்கியம். உள்ளேயே தண்ணீர், மூடியுள்ள ஒரு வாளி, ஒரு கொக்கி. தையல் வகுப்பில் துவைத்து மறுபடி பயன்படுத்தும் துணி நாப்கின் தைக்கக் கற்றுத்தருவது இப்போது பல இடங்களில் வழக்கம். நல்லதுதான். ஆனால் துவைக்கத் தண்ணீரும், யார் கண்ணுக்கும் கூசாமல் வெயிலில் உலர்த்த ஒரு மறைவும் இல்லாத இடத்தில் அந்தத் துணியே நோய்க்கு வழியாகும். நாப்கின் பாடம் குழாயடியில் தொடங்க வேண்டும்.

வாரத்தைத் தள்ளும் கீரை

மதியம் கிடைப்பது பெரும்பாலும் 'கிதேரி', மக்காச்சோளமும் பீன்ஸும் மணிக்கணக்கில் வேகவைத்தது. இல்லையென்றால் 'உகாலி' என்னும் மக்காச்சோளக் களியும் கொஞ்சம் கீரையும். அந்தக் கீரைக்கு 'சுகுமா விக்கி' என்று பெயர். வாரத்தைத் தள்ளு என்று அர்த்தம். உடம்பால் உழைக்கும் 18 வயது ஆணுக்கு நாளுக்கு 3,000 கலோரிக்கு மேல் வேண்டும். களி வயிற்றை நிரப்பும். இரும்புச்சத்தும் வைட்டமின் ஏயும் அதில் போதாது.

இதற்கு விலையுயர்ந்த மாவுப் பொட்டலம் தேவையில்லை. ஜோமோ கென்யாட்டா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் மேரி அபுகுட்சா ஒன்யாங்கோ பல ஆண்டு உழைத்து, ஏழைகளின் உணவு என்று ஒதுக்கப்பட்ட உள்ளூர்க் கீரைகளை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தார். அவை நமக்கும் உறவுதான்: 'மனாகு' நம் மணத்தக்காளிக்கு நெருங்கிய இனம், 'சாகா' நம் நல்வேளை, 'டெரேரே' தண்டுக்கீரை இனம், 'குண்டே' தட்டைப்பயறின் இலை. மேற்கே நைஜரில் முருங்கைக் கீரை அன்றாட உணவு. ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைட்டமின் ஏக்கு நல்ல வழி. அதைப் பரப்பியவர்களுக்கு 2016-ன் உலக உணவுப் பரிசு கிடைத்தது. கைகழுவிய தண்ணீர் ஓடிப்போய் விழும் இடத்தில் பாத்தி போட்டால் கீரைக்குத் தனித் தண்ணீர் வேண்டாம். சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கம் பீன்ஸில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு சரியாக எடுக்கவிடாது. டீயை ஒரு மணி நேரம் தள்ளி வைத்து, தட்டில் ஒரு துண்டு கொய்யா வைப்பது செலவே இல்லாத மருந்து.

சேமிப்பும் உயிர்ப் பிரச்சினை. 2004-ல் மகுவேனி, கிடுயி பகுதியில் ஈரமாகச் சேமித்த மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்து, அஃப்லடாக்சின் நஞ்சால் 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. தானியத்தை நன்றாகக் காயவைத்து, தரையில் படாமல் உயர்த்தி அடுக்க ஒரு மரத்தட்டு போதும். தச்சு வகுப்பு ஒரு வாரத்தில் செய்துவிடும்.

பயிற்சியும் சாப்பாடும் ஒரே நிலத்தில் விளையலாம் என்று காட்டிய இடம் மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினில் இருக்கிறது. 1985-ல் போர்ட்டோ நோவோவில் காட்ஃப்ரி ந்சமுஜோ என்ற பாதிரியார் தொடங்கிய சொங்காய் மையத்தில் ஒன்றின் கழிவு இன்னொன்றின் தீனி: சாணம் எரிவாயுவாகிறது, ஈயின் புழு மீனுக்குப் போகிறது, மீன்குளத்து நீர் தோட்டத்துக்குப் போகிறது.

ஆனால் இதே பாதையில் ஒரு குழியும் உண்டு. போட்ஸ்வானாவின் செரோவேயில் 1965-ல் பாட்ரிக் வான் ரென்ஸ்பர்க் தொடங்கிய 'பிரிகேட்' என்னும் பயிற்சிக் குழுக்களில் பிள்ளைகள் கட்டடம் கட்டிக்கொண்டே கற்றார்கள், அந்த வருமானம் பயிற்சிச் செலவை ஈடுகட்டியது. அழகான எண்ணம். நாளடைவில், வேலையை முடித்துக் காசு பார்க்க வேண்டும் என்ற நெருக்கடியும் நிதானமாகக் கற்றுத்தர வேண்டும் என்ற கடமையும் மோதிக்கொண்டன. ஆகவே மையத்துக்கான தொட்டியைப் பிள்ளைகள் கட்டட்டும் என்று சொல்லும்போதே சிலவற்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும்: பசித்த பிள்ளையின் இலவச உழைப்பாக அது ஆகக் கூடாது. சிமென்டும் கம்பியும் அரசு தர வேண்டும். தேர்ந்த ஃபுண்டி ஒருவர் கூலியோடு மேற்பார்வை பார்க்க வேண்டும். கட்டும் நாட்களில் மதியச் சாப்பாடு கட்டணமின்றி வர வேண்டும். செய்த வேலை தேர்வு மதிப்பெண்ணாகச் சான்றிதழில் ஏற வேண்டும்.

கென்யாவில் இதைச் செய்யப் புதிய துறை எதுவும் வேண்டாம். 2010-ன் அரசியலமைப்பு, நான்காம் அட்டவணையில் கவுன்டி எனப்படும் 47 மாவட்ட அரசுகளின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. கிராமப் பாலிடெக்னிக்குகள் அதில் உண்டு. குடிநீர், துப்புரவுச் சேவையும் உண்டு. குழாய்க்குப் பொறுப்பான அரசும் குழாய் வேலை கற்றுத்தரும் அரசும் ஒன்றே.

வேலைக்குக் காலமும் ஒத்துவருகிறது. பயிற்சி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. புதிதாக வந்தவர்களுக்குக் கரண்டி பிடிக்கத் தெரியாது, ஆனால் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஜனவரியில் அடித்தளமும் வலையும், பிப்ரவரியில் பூச்சு. பூசிய பிறகு ஈரச் சாக்கைச் சுற்றி வாரக்கணக்கில் தண்ணீர் தெளித்துக் காக்க வேண்டும், அந்த நாட்களுக்கான தண்ணீரை வண்டியில் கொண்டுவரும் செலவையும் கவுன்டி முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். இல்லையென்றால் வெயிலில் பூச்சு வெடிக்கும். வாய்க்காலைக் கடைசியாக மாட்டலாம். மார்ச் நடுவில் மேகம் கூடும்போது மாட்டியிருந்தால் போதும்.